முப்பதடிக்கு ஒரு கன்று

கல்யாண வீட்டுப் பந்தியில் முப்பதை நெருங்கும் பிள்ளை ஒன்று தனியாக வந்து உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார்: "தனி மரம் தோப்பாகாது, பாத்துக்கோ." என் அண்ணன் பேத்தி சென்னையில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். இந்த ஒரு வரிக்குப் பயந்தே ஊர் விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். போன பொங்கலுக்கு வந்தபோது, "நான் தோப்பாக வேண்டாம் சின்னத் தாத்தா, மரமாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அவளிடம் அன்றைக்குப் பேசியது பாதி. மீதியையும் சேர்த்து, அவள் வயதில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பழமொழி தனி மரத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஊர் எல்லையில் ஒற்றையாக நிற்கும் புளியமரம் எத்தனை பேருக்கு நிழல், எத்தனை அடுப்புக்குப் புளி, எத்தனை பறவைக்குக் கூடு! தோப்பாகாது என்றால் மரமாகாது என்று பொருளில்லை. மணமாகாதவர்களையும், துணையை இழந்தவர்களையும், ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர்களையும் குத்துவதற்கு நாம்தான் அதைக் கம்பாக எடுத்துக்கொண்டோம். பழமொழி பேசுவது தோப்பைப் பற்றி. தோப்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தவர் யாரும் அதை ஒருவர் முகத்துக்கு எதிரே வீசமாட்டார்.

நான் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மாந்தோப்பு வைத்து வளர்த்தவர். அதனால் இந்தச் சொல் எனக்கு ஏட்டிலும் பழக்கம், மண்ணிலும் பழக்கம்.

தோப்பு என்ற சொல்லுக்கு வேர் 'தொகு'. சென்னை மாகாண நிர்வாகக் கையேட்டின் பகுதியாக 1893-ல் சி. டி. மெக்லீன் வெளியிட்ட சொல்லடைவு இந்த வேரைத்தான் காட்டுகிறது. தொகுத்துவைத்தது தொகுப்பு, தொகுப்பு வாய்ப்பேச்சில் தோப்பு. நடுவிலிருக்கும் 'கு' உதிர்ந்து, அதற்கு ஈடாக முன்னெழுத்து நீளுவது நம் மொழியில் நன்றாகப் பழகிய வழி. பகுதி பாதியானதும், மிகுதி மீதியானதும், துகள் தூளானதும் அப்படித்தான். அகப்பையை இன்றும் ஆப்பை என்று சொல்லும் வீடுகள் உண்டு.

பையன்கள் வகுப்பில் தோப்புக்கரணத்துக்கும் தோப்புக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். உறவு எதுவும் இல்லை. அது கைகளால் காதைப் பிடிப்பதைச் சொல்லும் வடமொழித் தொடர் திரிந்து வந்தது. தருமபுரிக்குப் பக்கத்தில் இருக்கும் தொப்பூரையும் அவசரத்தில் இதோடு சேர்த்துவிடக் கூடாது. அங்கே முதலெழுத்து குறில். மதுரைக்குப் பக்கத்துத் தோப்பூரும், வேதாரண்யத்தை அடுத்த தோப்புத்துறையும், திருகோணமலை மாவட்டத்துத் தோப்பூரும் நெடில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. தொகு என்ற வினை இரண்டு விதமாக நடக்கும். தானாகச் சேர்ந்தால் தொகுதல். ஒருவர் சேர்த்தால் தொகுத்தல். முதலாவதிலிருந்து தொகுதி வருகிறது, இரண்டாவதிலிருந்து தொகுப்பு. பகுதி, பகுப்பு என்ற இணையும் இதே மாதிரிதான்: பகுதி தானாக இருக்கலாம், பகுப்பு என்றால் பகுத்தவர் ஒருவர் உண்டு. ஆகவே தோப்பு என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ஆள் நிற்கிறார். குழி வெட்டி, கன்று வாங்கி வந்து, தண்ணீர் சுமந்து ஊற்றிய ஆள். காட்டுக்கு அப்படி ஒருவர் தேவையில்லை. காடு தானாகக் கூடும்.

யாழ்ப்பாணத்தில் பனைகள் அடர்ந்து நிற்கும் இடத்தைப் பனங்கூடல் என்கிறார்கள். தீவுப்பகுதியில் புளியங்கூடல் என்று ஒரு ஊரே இருக்கிறது. எத்தனை பொருத்தமான சொல்! விழுந்த பனங்கொட்டை விழுந்த இடத்தில் முளைத்து, பனைகள் தாமாகவே கூடி நிற்பதற்குக் கூடல் என்று பெயர். கையால் சேர்த்ததற்குத் தோப்பு என்று பெயர். இரண்டு ஊர்க்காரர்களும் மரங்கள் சேர்ந்திருப்பதைத்தான் பார்த்தார்கள். ஒரு சொல்லில் சேர்த்தவரும் கூடவே வந்துவிட்டார்.

நம்மிடம் மரங்கள் நிற்கும் இடத்துக்குச் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. சங்கப் பாட்டுகளில் பொழில், சோலை, தண்டலை, துடவை என்று எத்தனையோ. திருவானைக்காவிலும் திருநெல்லிக்காவிலும் கடைசியில் நிற்கும் 'கா' கூடச் சோலைதான். பேச்சில் நிலைத்தது தோப்பு. அதுவும் எல்லா மரத்துக்கும் நிலைக்கவில்லை. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு, இலுப்பைத்தோப்பு என்போம். வாழைக்குத் தோட்டம், திராட்சைக்குத் தோட்டம், தேயிலைக்கும் தோட்டம். வெற்றிலைக்குக் கொடிக்கால். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னையும் பனையும் நிற்கும் மேட்டு நிலம் விளை. எந்த நிலத்துக்கு எந்தச் சொல் என்பதை யாரும் சட்டம் போட்டு வகுக்கவில்லை. ஆனாலும் காதில் விழுந்தவரை ஒரு ஒழுங்கு தெரிகிறது: நட்டவர் காலத்தோடு முடிந்துவிடாமல் நிற்கும் மரமாக இருக்க வேண்டும், அடியில் ஆள் நிமிர்ந்து நடக்க வேண்டும், நிழல் தரையில் விழ வேண்டும். வெட்டுவதற்கென்றே வளர்க்கும் சவுக்குக்கும் தோப்பு என்கிறோமே என்றால், அதுவும் வரிசையாகக் கை சேர்த்ததுதானே.

இந்தச் சொல் தமிழ்நாட்டைத் தாண்டியும் போனது. கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் தென்னாட்டில் தோப்பு என்று கேட்டதை 'டோப்' ஆக்கிக்கொண்டு, வடக்கே போனபோதும் கூடவே கொண்டு போனார்கள். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் சேர்ந்து உருவாக்கி 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, வட இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் எல்லோரும் மாந்தோப்புக்கு இந்தச் சொல்லையே வழங்கினார்கள், அந்த ஊர் மக்களுக்கோ அது தெரியவே தெரியாது என்று குறித்திருக்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். அவருக்குத் தோப்பு எந்த ஊர்ச் சொல் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

சொல்லை விட்டு மண்ணுக்கு வருகிறேன்.

அப்பா தோப்பு வைத்த காலத்தில் நான் சிறுவன். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. முப்பதடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. முடிச்சு விழும் இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். வரிசைக்கு வரிசையும் முப்பதடி. அப்படி நட்டால் ஏக்கருக்கு நாற்பத்தெட்டு மரம் கொள்ளும். தென்னையானால் இருபத்தைந்தடிக்கு ஒன்று, ஏக்கருக்கு எழுபது.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் தனித்தனியாகக் குவிப்பார்கள். வெட்டிய அன்றே நடமாட்டார்கள். வெயில் படட்டும் என்று குழியை ஆறப் போடுவார்கள். பிறகு மேல்மண்ணோடு மக்கிய தொழு உரத்தைக் கலந்து அதைத்தான் முதலில் குழிக்குள் தள்ளுவார்கள், வேர் முதலில் தொடுவது நல்ல மண்ணாக இருக்கட்டும் என்று. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி கன்றை வைத்து, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, வாழை நாரால் தளர்வாகக் கட்டுவார்கள். நாரை இறுக்கிக் கட்டினால் அப்பா அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வார்.

நட்டு முடித்தபின் நிலத்தைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. முழங்கால் உயரக் கன்றுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தூரத்தில். "இவ்வளவு இடத்தை எதுக்குப்பா சும்மா போடுறீங்க?" என்று கேட்டேன். "சும்மா இல்ல, அது அந்தந்த மரத்தோட இடம். இப்ப அதுக்குத் தேவைப்படல, அவ்வளவுதான்" என்றார். முதல் சில வருஷம் அந்த இடைவெளியில் நிலக்கடலையும் உளுந்தும் போட்டு வீட்டுச் செலவு ஓடியது. மரங்கள் பெரிதானபோது கிளையும் கிளையும் தொட்டும் தொடாமலும் நின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் நாலு பக்கமும் வெளிச்சம் கிடைத்தது.

பிள்ளைகளே, உங்கள் தலைமுறையில் நான் அடிக்கடி பார்ப்பது இதற்கு நேர்மாறு. புது ஊருக்குப் போகிறீர்கள், வேலைக்குச் சேர்கிறீர்கள், தனிமை தாங்கவில்லை. கிடைத்த நாலு பேரோடு முதல் மாதமே ஒரே அறை, ஒரே சாப்பாடு, ஒரே வண்டி, சம்பளம்கூடப் பொது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் நாலு பேரும் பேசிக்கொள்வதில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. நெருக்கி நட்டுவிட்டீர்கள். வளர்ந்தபோது ஒருவர் வெளிச்சத்தை ஒருவர் மறைத்துவிட்டீர்கள்.

நெருக்கி நடவே கூடாதா என்றால், நடலாம். இப்போது அடர் நடவு என்றே ஒரு முறை வந்திருக்கிறது. மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு அறுநூற்று எழுபது மாங்கன்றுக்கு மேல் வைக்கிறார்கள். சீக்கிரமே நன்றாகக் காய்க்கவும் செய்கிறது. ஆனால் அறுவடை முடிந்ததும் வருஷம் தவறாமல் கவாத்து செய்தாக வேண்டும். ஒரு வருஷம் விட்டால் தோப்பு புதராகிவிடும். ஒரே அறையில் இருக்கும் நண்பர்களும், ஒரே வீட்டில் இருக்கும் புருஷன் பெண்டாட்டியும் அடர் நடவுதான். அங்கே நெருக்கத்துக்கு உரிய வேலையை வருஷம் தவறாமல் செய்ய வேண்டும். கணக்கைப் பேசிவிடுவது, கோபத்தை அன்றன்றைக்குச் சொல்லித் தீர்ப்பது, எனக்கு இந்த நேரம் வேண்டும் என்று கேட்பது எல்லாம் அந்த வேலை. செய்ய மனமிருந்தால் நெருக்கமாக நடுங்கள்.

அடுத்தது பூ. ஒட்டுக்கன்றுக்கு ஒரு குணம் உண்டு: நட்ட இரண்டாம் வருஷமே, சில சமயம் முதல் வருஷமே பூத்துவிடும். தாய்மரத்தின் வயது ஒட்டுத்தண்டுக்குள் இருப்பதால் வரும் அவசரம் அது. இடுப்பளவு கன்றின் நுனியில் வெளிர்மஞ்சள் பூங்கொத்து நிற்கும்போது பார்க்க ஆசையாக இருக்கும். அம்மா அண்டை வீட்டாரையெல்லாம் கூட்டிவந்து அதைக் காட்டுவாள். அப்பா கட்டைவிரல் நகத்தை வைத்து அதைக் காம்போடு கிள்ளிப் போடுவார். முதல் மூன்று வருஷமும் அப்படித்தான். கிள்ளிய இடத்தில் பால் துளிர்த்து நிற்கும். அது தோலில் பட்டால் எரியும், விரலைச் சாம்பலில் தேய்த்துக் கழுவுவார். கிள்ளாமல் விட்ட கன்றுகளைப் பக்கத்துத் தோப்பில் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் நாலு காய் காய்க்கும். அதன் பிறகு வெகு காலத்துக்குக் குச்சியாகவே நிற்கும்.

கிள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து ஒரு துளிர் கிளம்பும். அது மேலே இருப்பதைவிடச் செழிப்பாக, பச்சையாக, வேகமாக வளரும். தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கன்று நன்றாகத் தழைக்கிறது என்று மகிழ்ந்துபோவார்கள். விட்டுவைத்தால் மேலே ஒட்டிய நல்ல ஜாதி பட்டுப்போய், கீழே இருந்த புளிப்பு மாங்காய்தான் மிஞ்சும். எது கிளம்பியது என்பதைப் பார்த்தால் போதாது, எங்கிருந்து கிளம்பியது என்றும் குனிந்து பார்க்க வேண்டும்.

பூவைக் கிள்ளும் கணக்கு மனிதர்களிடமும் உண்டு. புதிதாக நட்பு கொண்ட ஒருவரிடம் உடனே கடன் கேட்காதீர்கள், சிபாரிசு கேட்காதீர்கள், உங்கள் பாரம் முழுவதையும் இறக்காதீர்கள். கொடுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. நல்ல மனசு உள்ளவர்கள் இளங்கன்றிலேயே காய்த்துவிடுவார்கள். நாம்தான் அதை வேண்டாம் என்று சொல்லி அவர்கள் வேர் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் உங்களை எல்லாரும் புகழ்ந்து எல்லாப் பொறுப்பையும் தலையில் ஏற்றும்போதும் இதே கணக்குத்தான். சிலவற்றை நீங்களே கிள்ளிப் போடுங்கள்.

பழமொழியின் நேர்ப்பொருளுக்கே ஒரு விளக்கம் மாமரத்தில் இருக்கிறது. வடக்கே பேர்பெற்ற தசேரி, லங்டா, சௌசா ஆகிய வகைகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்காதவை. தசேரியை மட்டும் ஒரு நிலம் முழுக்க நட்டால், பூ பூவாகப் பூக்கும், காய் சரியாகப் பிடிக்காது. பக்கத்தில் வேறு ஜாதி மாமரம் ஒன்று இருக்க வேண்டும், அதிலிருந்து ஈக்கள் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். மாமரத்துக்குப் பெரிய உதவி தேனீயைவிட ஈதான் என்பது பலருக்குத் தெரியாது. ஆக, ஒரே ஜாதி மரமே நூறு நின்றாலும் அது மகரந்தக் கணக்கில் தனி மரம்தான்.

எங்கள் பக்கத்துத் தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் நீலமும் கலந்தே நிற்கும். அந்தக் காலத்து ஆட்களுக்கு மகரந்தக் கணக்குத் தெரிந்திருக்காது. ஒரு ஜாதி ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் ஓய்வெடுக்கும், இன்னொன்று வருஷம் தவறாமல் கொடுக்கும், ஒன்று சித்திரையில் வரும், ஒன்று ஆடி பிறந்தும் மரத்தில் நிற்கும், எல்லாம் இருந்தால் வீடு தாங்கும் என்பது தெரியும். அண்ணன் பேத்தியிடம் நான் கேட்டது இதைத்தான்: "உன்னைச் சுத்தி இருக்கிறவங்க எல்லாம் உன் வயசு, உன் படிப்பு, உன் சம்பளம்தானா?" யோசித்துவிட்டு ஆமாம் என்றாள். அவள் குடியிருக்கும் தெருவில் அவளுக்குத் தெரிந்த அறுபது வயதுக்காரர் ஒருவரும் இல்லை. பத்து வயதுப் பிள்ளை ஒன்றும் இல்லை. அவள் தோப்பாக வேண்டுமென்றால் கல்யாணம்தான் வழி என்று நான் சொல்லவில்லை. பண்ணிக்கொண்டால் சந்தோஷம், அது அவள் முடிவு. கீழ்வீட்டுப் பாட்டிக்கு வாரம் ஒரு நாள் மாத்திரை வாங்கிக் கொடு, எதிர்வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு, உன் மொழி பேசாத ஒருவரோடு சாப்பிடப் பழகு என்றேன். இவை தானாக அமையாது. தொகுக்க வேண்டும்.

யாருக்காகத் தொகுப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்குப் பதில் நம் வருவாய்த் துறைக் கணக்கிலேயே இருக்கிறது. கிராமப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு என்று வருகிற வரிசையில் தோப்புப் புறம்போக்கு என்றும் ஒன்று வரும். யார் பேரிலும் பட்டா இல்லாத பொதுத் தோப்பு. வழிப்போக்கர் இளைப்பாற, சந்தைக்குப் போகும் மாடுகள் படுத்துக்கிடக்க, திருவிழாவுக்கு வருகிறவர்கள் சமைத்துச் சாப்பிட என்று பழைய தலைமுறைகள் வைத்தவை பல ஊர்களில் உண்டு. பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கிணறும் இருக்கும். தோட்டம் துரவு என்று இணைத்துச் சொல்கிறோமே, அந்தத் துரவு பெருங்கிணறுதான்.

இதே கணக்கில் மரப்பட்டா என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கு 2-சி பட்டா என்று பெயர். புறம்போக்கு நிலத்தில் நிற்கும் மரத்தின் பலனை ஒருவர் அனுபவிக்கலாம். மண்ணில் அவருக்கு உரிமை கிடையாது. புளியை உலுக்கலாம், மாங்காயைப் பறிக்கலாம், வேலி போட்டு நிலத்தை வளைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்ப நட்டவருக்கு நஷ்டம்தானே சார்?" என்று கேட்டான். பழம் அவருக்கு, நிழல் ஊருக்கு, மண் யாருக்கும் இல்லை. இதில் நஷ்டப்பட்டது யார் என்று நீயே சொல் என்றேன். பிள்ளைகளை வளர்ப்பதும், மாணவர்களை உருவாக்குவதும், ஒரு சங்கத்தை நடத்துவதும் எனக்கு மரப்பட்டாவாகத்தான் தோன்றியிருக்கிறது. கொஞ்சம் பலனை அனுபவிக்கலாம். அவர்கள் நிற்கும் மண்ணுக்கு உரிமை கொண்டாட முடியாது. சொந்தப் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் கல்யாணத்தையும் தன் பட்டா நிலமாக நினைக்கிற பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அப்படிப்பட்ட பெற்றோரிடம் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன்: நிலம் உங்களுடையதுதான், ஆனால் தண்ணீர் ஊற்றியவருக்கு ஒரு கூடைப் பழம் போக வேண்டியது முறை.

கடைசியாக, தோப்பில் மரம் பட்டுப்போவதைப் பற்றி. எவ்வளவு பார்த்து வளர்த்தாலும் சில மரம் போகும். தண்டுதுளைப்பான் தின்றுவிடும், புயலில் சாயும், மலையிலிருந்து இறங்கும் யானை தள்ளிவிட்டுப் போகும். எங்கள் தோப்பிலும் மேற்கு வரிசையில் அப்படிப் போயிருக்கிறது. பட்ட இடத்தை நிரப்ப வேண்டும் என்று புதுக்கன்று வாங்கி நடுவார்கள். பெரும்பாலும் அது தேறாது. ஒன்று செத்துவிடும், அல்லது ஒல்லியாக, உயரமாக, காய்க்காமல் நிற்கும். கன்றைக் குறை சொல்லிவிட்டு அடுத்த வருஷம் வேறொன்று வாங்குவார்கள்.

அப்பா அந்தக் குழியருகே நின்று கன்றைப் பார்க்கமாட்டார். அண்ணாந்து பார்ப்பார். சுற்றிலும் இருக்கும் பெரிய மரங்கள் காலியான இடத்துக்குள் கிளையை நீட்டியிருக்கும். அவற்றை அரிவாள் வைத்துக் கழித்துவிட்டுத்தான் கன்றை நடுவார். "காய்க்கிற கிளையாச்சே!" என்று குத்தகைக்காரர் பதறுவார். அந்த வருஷம் சில கூடை குறையும். மூன்றாம் வருஷம் கன்று எழுந்துவிடும். கழித்த மரமும் புதுத்துளிர் விட்டுக் காய்க்கும்.

மருமகளாக ஒரு வீட்டுக்குள் போகிறவளும், புதிதாக ஒரு அலுவலகத்துக்குள் போகிறவரும், தாய் தகப்பனை இழந்து சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளையும் பெரிய மரங்களுக்கு நடுவில் நட்ட கன்றுகள். அவர்கள் தழைக்கவில்லையென்றால் நாம் அவர்கள் குணத்தைப் பேசுகிறோம். இது என் வயதுக்காரர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டிய விஷயம்: நம் பேச்சை, நம் பழக்கத்தை, எல்லா முடிவும் நம்மைக் கேட்டே நடக்க வேண்டும் என்ற நினைப்பைக் கொஞ்சம் கழித்துக்கொடுக்க வேண்டும். பந்தியில் பக்கத்து இலையில் உட்காரும் இளம்பிள்ளைக்கு அறிவுரை சொல்லும் உரிமை அதற்குப் பிறகுதான். இளைய பிள்ளைகளுக்கும் இது தேவைப்படும். உங்கள் அலுவலகத்திலும் நாளைக்கு ஒரு புதுப்பிள்ளை வரும், நீங்கள் அப்போது மூத்த மரமாக இருப்பீர்கள்.

எங்கள் மேற்கு வரிசையில் இந்த வருஷம் மூன்று இடம் காலியாக இருக்கிறது. ஆனியிலேயே குழி எடுத்து ஆறப் போட்டுவிடுவேன். ஐப்பசி மழைக்கு நடவு. ஒன்றில் பஞ்சவர்ணம், ஒன்றில் நீலம் என்று முடிவு செய்திருக்கிறேன். மூன்றாவதில் என்ன வைப்பது என்று பேத்தியிடம் கேட்டிருக்கிறேன். பெரிய மரங்களைக் கழிக்க ஆள் சொல்லியாயிற்று. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். லீவு கிடைக்கிற பிள்ளைகள் வாருங்கள்.